தேக்கி வைக்கும் மின்சாரம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டருக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்டில் இது எங்களுடைய கவலையும்தான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினோம். பாவம் குரங்கு! ஞாயிறு பகலில் தேவை குறைவு; கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரமோ அதிகம். பெரிய சுழலிகள் குறைவாகவே ஓடியதால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு வலையமைப்புக்கு இருக்கவில்லை. இரவு ஏழு மணிக்கு நிலைமை தலைகீழ்: சூரியன் இல்லை, எல்லா வீட்டிலும் விளக்கு. பகலில் மிஞ்சுவதை இரவுக்குத் தேக்க வேண்டும்.

எவ்வளவு தேக்குவது? இதைத்தான் பொறியியலாளர்கள் கணினி மாதிரியில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒட்சிசன் சிலிண்டரில் நாங்கள் இரண்டு விஷயம் பார்ப்போம்: நிமிடத்துக்கு எத்தனை லீட்டர், எத்தனை மணித்தியாலம் தாங்கும். மின்சாரத்திலும் அப்படியே. மெகாவாட் வேகம், மெகாவாட் மணி இருப்பு. பத்திரிகைகள் முதலாவதை மட்டுமே எழுதும்.

சராசரியை நம்பவும் முடியாது. நீரிழிவு நோயாளியின் மூன்று மாதச் சராசரி நன்றாக இருக்கும். விடியற்காலையில் சீனி இறங்கி மயங்கி விழுவார். ஆகவே மாதிரி மணிக்கு மணி நகரவேண்டும். ஒரு மணியின் மிச்சம் அடுத்த மணியின் கையிருப்பு, இழப்பைக் கழித்து. தண்ணீரை மேலேற்றித் தேக்கும் நிலையத்தில், செலவிடும் 100 அலகில் 75, 80 அளவில் திரும்பும். அரநாயக்கப் பக்கம் 600 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டிருக்கும் மகா ஓயா இந்த வகை.

நம் வெலிமடைக்கு வருவோம். புகுல்பொல, டயரபா அணைகளுடன் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயா 120 மெகாவாட். அது நீரேற்றும் நிலையமல்ல. ஆனால் அணையில் பிடித்த தண்ணீரை மாலை உச்ச நேரத்தில் விடுவதும் தேக்கந்தான். அதற்குச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, சுவர்களில் வெடிப்பு விழுந்தது. வழக்கமான மாதிரியில் அந்தக் கிணறுகளுக்கு நிரல் கிடையாது.

இன்னொன்று. மின்சாரமில்லாத மணித்தியாலத்துக்கும் மாதிரி ரூபாயில் விலை போடுகிறது. பெரும்பாலும் நாடு முழுவதுக்கும் ஒரே விலை. கொழும்புக் கடைத்தொகுதிக்கும் தோட்ட டிஸ்பென்சரிக்கும் ஒன்றா? விலையை மாற்றினால், எங்கே எவ்வளவு தேக்குவது என்ற விடையும் மாறும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் தங்கச்சிமாரே, நாளைக்கு நீங்கள் அந்தக் கணினியின் முன் உட்காரும்போது, அந்த இரண்டுக்கும் வேறு வேறு விலை போட்டுப் பாருங்கள்.