பதிலில் இல்லாத சாவுகள்



நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பிரதமர் பதில் சொல்வது பெருந்தன்மை அல்ல, கடமை. அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்கிறது அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு. ஆகவே ஓர் அமைச்சர் தரும் பதிலும் பிரதமரின் பதில்தான்.

2021 ஜூலையில் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே உள்ளிட்டோர் கேட்டார்கள்: கையால் மலம் அள்ளியதில் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி ஒரு சாவும் பதிவாகவில்லை என்றது அரசு. அடுத்த மாதமே, சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கி இறந்தவர்கள் 941 பேர் என்று அதே அரசு கணக்குக் கொடுத்தது.

இது எப்படி முடிந்தது? கையால் மலம் அள்ளுவதையும் குழிக்குள் இறங்கும் 'ஆபத்தான துப்புரவை'யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தனித்தனியே வரையறுக்கிறது. அந்த இடைவெளிக்குள் நம் பிணங்களை மறைத்தார்கள்.

கேள்வி கேட்பவர் உறுப்பினர். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். இரண்டு வரையறைகளையும் சேர்த்துக் கேட்கச் சொல்வோம். மாநிலவாரியாகக் கேட்கச் சொல்வோம். 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்திய இழப்பீடு எத்தனை குடும்பங்களுக்குப் போனது என்றும் கேட்கச் சொல்வோம். சொல்லை மாற்றித் தப்பிக்க முடியாதபடி கேட்பதும் நம் போராட்டம்தான்.

ஜெய் பீம்.