முதுமையில் கண்ணொளியும் ஸ்டெம் செல் மருத்துவமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

குர்ஆன் ஓதும்போது நிமிர்ந்து நிற்க வேண்டிய அலிஃப் எழுத்து வளைந்து தெரிவதாக முதியோர் சிலர் கூறுவதுண்டு. கண்புரை என்று எண்ணிக் காத்திருப்பார்கள். கண்புரையில் எழுத்து மங்கும், வளையாது. வளைந்து தெரிந்தால், விழித்திரையின் நடுப்பகுதியாகிய மாக்குலாவை ஐயுற வேண்டும்.

விழித்திரைக்கு அடியில் நிறமி உயிரணுக்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. பார்வை உயிரணுக்களைப் பேணுவது அதன் பணி. முதுமையில் அது நலியும்போது சிலருக்கு வி.இ.ஜி.எஃப். என்னும் புரதம் மிகுந்து, புதிய இரத்த நாளங்கள் முளைக்கின்றன. உறுதியற்ற அந்நாளங்கள் கசிந்து, இறுதியில் அவ்விடம் தழும்பாகிவிடுகிறது. தழும்பான இடத்தில் பார்வை மீள்வதில்லை.

இப்புரதத்தை 1989இல் இனங்கண்டவர்களுள் நெப்போலியோன் ஃபெராரா என்ற அறிஞர் முக்கியமானவர். அதனைத் தடுக்கும் லுசென்டிஸ் ஊசிமருந்து 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குடல் புற்றுநோய்க்கென வந்த அவாஸ்டின் அதைவிட மிகவும் விலை குறைந்தது. பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமமே என 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏழை நோயாளிக்கு இது பேருதவியாகும், அல்ஹம்துலில்லாஹ்.

ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களின் நிலை வேறு. 2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில், டாக்டர் மசாயோ தகஹாஷி குழுவினர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் தோல் உயிரணுக்களிலிருந்து நிறமி அடுக்கை வளர்த்து, தீய நாளங்களை அகற்றிவிட்டு, அவர் கண்ணில் பொருத்தினர். ஓராண்டுக்குப் பின் பார்வை மேம்படவில்லை, குன்றவும் இல்லை. அடுத்த நோயாளிக்காக வளர்த்த உயிரணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்படவே, அச்சிகிச்சையை நிறுத்தினர். அந்த நிதானத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தனியார் மருத்துவ நிலையம், இந்நோயுற்ற மூன்று பெண்களின் உடற்கொழுப்பிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தியது. மூவரும் பார்வையைப் பெரிதும் இழந்தனர். ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமற் போயிற்று. 2017இல் மருத்துவ இதழ் வாயிலாக இது வெளியாயிற்று.

நம் நாட்டிலும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. மாக்குலா நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று பைத்துல்மாலுக்கு விண்ணப்பம் வந்தால், நிர்வாகிகள் தயங்காமல் விசாரியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, இத்தகைய சிகிச்சை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடைபெறலாம். நோயாளியிடம் கட்டணம் பெறலாகாது. கட்டணம் கேட்டாலே ஐயம் கொள்ளலாம்.

வீட்டிலேயே வாரம் ஒருமுறை, படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் குர்ஆனின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். பின்னர் மாற்றிப் பாருங்கள். இரு கண்களும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். வரி வளைந்தாலோ, நடுவே கரும்புள்ளி தெரிந்தாலோ, அந்த வாரத்திலேயே விழித்திரை மருத்துவரை அணுகுங்கள். புகைபிடிப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் இளைஞர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

வஸ்ஸலாம்.