பழைய வெடிக் கையேடுகளும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்கத்து மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளோ பாறையை உடைக்கும் வெடியைப் பற்றிய பழைய கையேடுகள். இதற்கும் தமிழுக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கலாம். தங்கவயலுக்கு வந்த நம் முன்னோர் ஏர் பிடித்த கையை விட்டுத் துளைக்கருவி பிடித்தனர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டு வந்த அவர்கள் இந்த மண்ணில் ஈட்டிய கல்வி, பாறையைப் பற்றியும் வெடியைப் பற்றியும் ஈட்டிய கல்வியே. அந்தக் கல்வியின் எழுத்துச் சான்றுகள் அழியும் நிலையில் இருக்கும்போது, அதனைப் பற்றிப் பேசத் தமிழ்ச் சங்கத்தைவிடத் தகுந்த இடம் வேறு எது?

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றியது முதல், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகள் இந்நிலத்தின் அடியில் வெடியொலி ஓயவில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. அந்த ஆழத்தின் ஒவ்வோர் அடியும் துளையிட்டு, மருந்து வைத்து, திரி கொளுத்திப் பெற்றதாகும். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைச் சொல்லும் ஒரு புத்தகமும் எங்கோ இருந்தது.

அப்புத்தகங்கள் எவை? வெடிமருந்து செய்யும் தொழிற்சாலைகள் தங்கள் சரக்கோடு அனுப்பிய சட்டைப்பைக் கையேடுகள் ஒரு வகை. 1890இல் எய்ஸ்லர் எழுதிய வெடிமருந்து நூல், 1892இல் குட்மன் எழுதிய வெடிப்பு நூல், 1918இல் பீல் என்பவர் தொகுத்த சுரங்கப் பொறியாளர் கையேடு போன்ற பெருநூல்கள் இரண்டாம் வகை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 1961இல் வந்த உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் மூன்றாம் வகை. நான்காவது வகைக்குப் பெயரே இல்லை: வெடி வைப்போர் சான்றிதழ், முதலுதவிச் சிறுநூல், துளைகளின் வரிசையை வரைந்த தாள், நாட்குறிப்பு முதலியன. முதல் மூன்றும் வேறு நூலகங்களிலும் கிடைக்கலாம். நான்காவது நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் மட்டுமே கிடைக்கும். பெட்டி காலியானால் அது உலகில் எங்கும் இல்லை.

இந்நூல்களைப் படிக்குமுன் அவற்றின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். நீண்ட காலம் சுரங்கத்தில் பயன்பட்டது கரிமருந்தே. வைக்கோல் தண்டிலும் இறகுத் தண்டிலும் மருந்தை அடைத்துத் திரியாக வைத்தனர். அது எப்போது எரியும், எப்போது அவியும் என்று சொல்ல முடியாது. அதனால் மாண்டவர் பலர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்த தோல் வணிகர் வில்லியம் பிக்போர்டு என்பவர், கயிறு திரிக்கும் முறையைக் கண்டு, மருந்தைச் சுற்றி நூலை முறுக்கிய பாதுகாப்புத் திரியை 1831இல் படைத்தார். அதே கார்ன்வாலிலிருந்துதான் பின்னாளில் நம் தங்கவயலுக்கு வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1847இல் இத்தாலியரான சொப்ரெரோ நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். அதைத் தொழிலுக்குக் கொணர முயன்ற ஆல்பிரட் நோபெல், 1864இல் நேர்ந்த வெடி விபத்தில் தம் இளவல் எமிலை இழந்தார். அந்த எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்து அடக்கிய டைனமைட்டுக்கு 1867இல் உரிமை பெற்றார். 1875இல் ஜெலட்டின் வகையையும் படைத்தார். ஆகவே தங்கவயல் தோன்றியபோது டைனமைட்டுக்கு வயது பதினைந்துகூட ஆகவில்லை. வெடித்தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே நம் முன்னோரும் அதனைக் கற்றனர்.

இனி, இந்நூல்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு வருவோம். அமெரிக்க நாட்டில், சுட்டுத் தீர்ந்த துப்பாக்கித் தோட்டாக்களில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதற்கான அளவுகளைக் கூறும் பழைய கையேடுகளை அங்கே பலர் ஆசையோடு சேர்த்து வைக்கின்றனர். அவர்களுள் விவரம் அறிந்தவர் ஒரு நெறியைக் கைக்கொள்கின்றனர்: பழைய நூலை வரலாற்றுக்காகப் படி, வேலைக்குப் புதிய நூலையே பார். ஏனெனில், மருந்தின் பெயர் மாறாமலே அதன் தன்மை மாறியிருக்கலாம். இந்நெறி நமக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறோம். ஆதியில் 60 சதவீத டைனமைட் என்றால், எடையில் 100க்கு 60 பங்கு நைட்ரோகிளிசரின் என்பது பொருள். பின்னர் அம்மோனியம் நைட்ரேட்டு கலந்த வகைகள் வந்தன. அவற்றின்மேல் 60 என்று அச்சிட்டால், அது பழைய 60க்கு நிகரான வலிமையைக் குறித்ததே அன்றி, உள்ளே இருந்த நைட்ரோகிளிசரினின் பங்கைக் குறிக்கவில்லை. எண் ஒன்று, பொருள் இரண்டு. நூலின் ஆண்டைப் பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ஆதலின், கையேடு கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அச்சிட்ட ஆண்டு. அடுத்து எத்தனையாவது பதிப்பு என்பது. மூன்றாவதாக, எந்தத் தொழிற்சாலை வெளியிட்டது என்பது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட வெடிப்போர் கையேடு பல பதிப்புகளைக் கண்டது. ஒரே நூலின் இரு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பது புலப்படும்.

திரியைப் பற்றியும் இவ்வாறே. ஓரடித் திரி எரிய 30 வினாடி என்று ஒரு நூல் சொல்லும்; 40 வினாடி என்று மற்றொரு நூல் சொல்லும். இரண்டும் அவ்வவ்வகைத் திரிக்குச் சரியே. பத்து வினாடி வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆறடித் திரிக்கு அது ஒரு முழு நிமிடம்! இருட்டில், ஏணி ஏறி விலக வேண்டிய மனிதனுக்கு அந்த நிமிடம் உயிராகும். பெட்டியைத் திறந்ததும் ஒரு துண்டை எரித்து நேரம் பார்த்த பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

அன்பர்களே! இக்கையேடுகளில் நெஞ்சைத் தொடும் பகுதி எச்சரிக்கைப் பகுதியாகும். இரும்புக் கோலால் மருந்தைத் திணிக்காதே, மரக்கோலையே கொள்; வெடிக்காது நின்ற துளையைக் கிளறாதே; பழைய துளையின் அடியில் புதுத் துளை இடாதே; கேப்பைப் பல்லால் கடித்து நெரிக்காதே. இவை வெறும் விதிகள் அல்ல. எவரேனும் ஒருவர் அவ்வாறு செய்து, கண்ணையோ கையையோ உயிரையோ இழந்த பிறகே இவை அச்சேறின. முந்திய பதிப்பில் இல்லாத எச்சரிக்கை பிந்திய பதிப்பில் காணப்பட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கோ ஒரு வீட்டில் அழுகுரல் எழுந்தது என்று அறியலாம்.

மற்றொரு செய்தி. வெடிக்குச்சிகளைக் கையாண்டவர்க்குக் கடுந்தலைவலி வருவதுண்டு. நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்சென்று இரத்தக் குழாய்களை விரியச் செய்வதே அதன் காரணம். நாள்தோறும் பழகிய உடல் ஓரளவு தாங்கும். விடுமுறை கழிந்து மீண்டும் வேலைக்குச் செல்லும் நாளில் வலி மிகும். அதே பொருளை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்கு மருந்தாகத் தரலாம் என்று 1879இல் முர்ரெல் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதினார். நோபெலுக்கும் அவர்தம் இறுதிக் காலத்தில் மருத்துவர் அதனையே பரிந்துரைத்தனர். விடுமுறைக்குப் பின் தலையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய தந்தையை, வேலைக்குச் சோம்பும் மனிதர் என்று எண்ணிய பிள்ளைகள் இருக்கலாம். அப்பிள்ளைகள் இன்று அந்தப் பழைய பக்கத்தைப் படித்தால், தந்தையின் வலிக்கு ஒரு பெயர் கிடைக்கும்.

இனி நம் குறையையும் கூற வேண்டும். இந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. துளையிட்டவரோ தமிழர், அவர்களுள் பலர் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். நூலில் இருந்ததை அதிகாரி மேஸ்திரிக்குச் சொல்ல, மேஸ்திரி ஆட்களுக்குத் தமிழில் சொல்ல, அது வாய்மொழியாகவே பரவியது. பாறையைத் தட்டி ஓசையால் அதன் நிலையை அறிந்ததும், பாறை தானே வெடித்துச் சிதறும் கொடிய நிகழ்ச்சிக்கு முன் அது முனகுவதைச் செவியால் உணர்ந்ததும் எந்த அச்சுநூலிலும் முழுமையாக இல்லை. ஆகவே நூல் பாதி, நினைவு பாதி. சுரங்கம் மூடியபோது முப்பது வயதினராய் இருந்தவர்களே இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கீழே இறங்கியவர்கள் நம்மிடையே சிலரே உளர். அவர்கள் அருகில் அமர்ந்து, கையேட்டை விரித்து வைத்து, “ஐயா, இந்தப் படத்தில் உள்ளபடிதான் செய்தீர்களா? இதற்கு நீங்கள் என்ன பெயர் சொன்னீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படத்தைக் கண்டதும் நா அவிழும். நூறு கேள்வியால் வாராத நினைவு ஒரு படத்தால் வரும். பழைய கையேட்டின் தலையாய பயன் இதுவே.

ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1965ஆம் ஆண்டில், பூமியின் காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை இதே சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் அறிவியலார் கண்டனர். பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடிச் செய்த ஆய்வு அது. அவ்வறிஞர்களின் பெயர்கள் அறிவியல் ஏடுகளில் உள்ளன, இருத்தலும் முறையே. அவர்களின் கருவிகள் நின்ற ஆழத்திற்கு வழி குடைந்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன? ஒரு சான்றிதழிலோ, ஒரு நாட்குறிப்பிலோ, ஒரு கையேட்டின் முதற்பக்கத்தில் இட்ட கையெழுத்திலோ அவை இருக்கலாம். நாம் தேடினால் அல்லவா கிடைக்கும்?

தேடும்போது மிக்க கவனம் வேண்டும். நூல் வேறு, பொருள் வேறு. பழைய பெட்டியில் கையேட்டோடு சிறு செம்பு அல்லது அலுமினியக் குழாய்களோ, எண்ணெய் கசிந்த குச்சிகளோ காணப்பட்டால், கையால் தொடலாகாது. ஆண்டுகள் பல ஆயினும் கேப்பின் உயிர் போவதில்லை; பழைய டைனமைட் கசியக் கசிய அபாயம் மிகும். குழந்தைகளை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமும் ஆகும். நைட்ரோகிளிசரின் கொண்ட வெடிமருந்துகளுக்கு நம் நாட்டில் 2004இல் தடை விதிக்கப்பட்டது. எனவே நம் தாத்தாமார் கையாண்ட பொருளின் காலம் முடிந்தது. அதனைப் பற்றிய நூல் இனி வரலாற்று ஆவணமே. ஒரு பக்கத்தில் உள்ள அளவைக்கூட எவரும் செய்து பார்க்க எண்ணுதல் கூடாது.

நூல்களைக் காக்கும் முறை எளிது. ஈரமும் கறையானும் அண்டாத உயரத்தில் வையுங்கள். ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் உருக்கி மூடாதீர்கள், தூய பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். அச்சைவிட அந்த எழுத்து உயர்ந்தது. யாருடைய நூல், எந்த ஷாப்டில் வேலை, எந்த ஆண்டுகள் என்பவற்றைத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பக்கங்களைப் படமெடுத்து இருவர் வீட்டிலாவது பிரதி இருக்கச் செய்யுங்கள். நூலைச் சங்கத்துக்குக் கொடுக்க மனமில்லையேல் கொடுக்க வேண்டாம். இருக்கிறது என்னும் செய்தியையேனும் தாருங்கள்.

பழைய காகிதத்துக்கு எடைக்கடையில் ஒரு விலை உண்டு. அந்த விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்குப் போதும். அதற்காகப் போவதோ மூன்று தலைமுறையின் தொழிலறிவு. தங்கம் முழுவதும் வெளியே சென்றது. சயனைடு மண்மேடுகள் நமக்கு எஞ்சின. அம்மேடுகளிலிருந்து எழும் புழுதி ஒன்றுதான் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் நினைவு என்று ஆதல் வேண்டா. அடுத்த ஆண்டு விழாவுக்குள் குடியிருப்புக்கு ஒரு பெட்டியேனும் திறக்கப்படட்டும். பெட்டிக்கு ஒரு பெரியவரேனும் பேசட்டும். அவர் சொல்வதை ஓர் இளைஞரேனும் தமிழில் எழுதட்டும்.