ரெண்டு சிரிப்பு
(உரையின் எழுத்து வடிவம்)

சிரிப்பு ஒண்ணில்ல, ரெண்டு.

1979இல் சான்பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் கன்னியாஸ்திரி உடுப்பு மாட்டித் தெருவுக்கு வந்தார்கள். ஒழுக்கம் பேசும் மதபீடத்தைக் கேலி பண்ணியது அந்த வேஷம். 1980இல் பிங்கோ ஆட்டம், நடனம் என்று நடத்திக் கியூப அகதிகளுக்குக் காசு திரட்டினார்கள். 1982 ஜூனில், எய்ட்ஸ் என்ற பேரே வராத நேரத்தில், பாதுகாப்பான உடலுறவு பற்றி நையாண்டியாக ஒரு சிறுவெளியீடு போட்டார்கள். எழுதியதில் நர்ஸ்களும் உண்டு. அதிலே ஒழுக்கப் பிரசங்கம் இல்லை.

அதே வருஷம் அக்டோபரில் வெள்ளை மாளிகையில் ஒரு நிருபர் எய்ட்ஸ் பற்றிக் கேட்டார். அரசின் செய்தித் தொடர்பாளர் ஜோக்கடித்தார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாகிறவனைப் பார்த்துச் சிரிப்பது அதிகாரம். சாக விடமாட்டோம்னு சிரிப்பது கலகம். நம்ம சிரிப்பு எது?