தீபாவளிக் காலையில் ஒரு சொல்

தில்லியில் வாழும் தமிழருக்குத் தீபாவளி சில ஆண்டுகளில் அண்டை வீட்டாருக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடுகிறது. நாம் நரக சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிறோம்; அவர்களோ அமாவாசை மாலையில் விளக்கேற்றி இலக்குமியை வழிபடுகின்றனர். ஆகவே நம் வீட்டு அடுப்பு எரியும் அவ்வேளையில் தெரு முழுவதும் உறங்கிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வேளையொன்றில் நாங்கள் அடைந்த அச்சத்தை, எங்களைப் போல் ஊரைவிட்டு வந்து வாழும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பண்டிகைக்காக எங்கள் தந்தையார் தஞ்சையிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இந்தியில் ஒரு சொல்லும் அறியார். அன்று 4.15 மணிக்கு, வெந்நீரில் சூடு போதவில்லையென்று எங்களைக் கடிந்துகொண்டார். குளித்து வந்தவருக்கு வழக்கம்போல் தீபாவளி லேகியம் கொடுத்தோம். அது எச்சிலோடு வலது கடைவாயில் வழிந்தது. முகம் ஒருபுறம் சரிந்திருந்தது. ஏதோ சொல்ல முயன்றார், நா குழறியது. அப்போது மணி 5.

எண்ணெய்க் குளிர்ச்சி என்றார் வீட்டில் ஒருவர். சுக்குக் கஷாயம் கொடுக்கலாம் என்றார் மற்றொருவர். நல்லவேளை, கொடுக்கவில்லை. பக்கவாதம் தாக்கும்போது விழுங்கும் ஆற்றலும் குன்றியிருக்கலாம். கொடுக்கும் நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். லேகியம் வழிந்ததே ஒருவகையில் நன்மை. கைக்கு அகப்படும் ஆஸ்பிரினும் ஆகாது. மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்துக் கசிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கசிவாயின் அம்மாத்திரையே தீங்கு செய்யும். ஸ்கேன் படமே அதைப் பிரித்துக் காட்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு; ஆனால் அதைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

மாடியில் குடியிருந்த பஞ்சாபி நண்பரை எழுப்பினோம். அவர் போர்த்திய கம்பளியோடு வந்து காரை எடுத்தார். பாதி வழியில் தந்தையாரின் வாய் நேராயிற்று, பேச்சும் வந்தது. “நல்ல நாளில் ஆஸ்பத்திரியா? வண்டியைத் திருப்பச் சொல்” என்றார். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அதுவே ஆசை. நண்பருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் நற்பேறு. அவர் நேரே ஓட்டினார்.

இவர் கடைசியாக நலமாயிருந்தது எத்தனை மணிக்கு என்பதே இளம் மருத்துவரின் முதற்கேள்வி. நோயைக் கண்ட நேரம் அன்று, நலமாயிருந்த நேரமே கணக்காம். வெந்நீர்ச் சண்டை நினைவுக்கு வந்தது, 4.15 என்றோம். பிறகு, பேச்சு எப்போதும்போல் உள்ளதா என்று கேட்டார். தமிழறியாத அவருக்கு அதை அளக்க வழியேது? தந்தையாரை ‘வாழைப்பழம்’ என்று சொல்லச் சொன்னோம். ‘வாளப்பளம்’ என்றார்.

வேறொருவர் சொல்லியிருந்தால் அதில் வியப்பில்லை. இவரோ அந்த ழகரத்துக்காக 30 ஆண்டுகள் பிள்ளைகளின் காதைத் திருகியவர். இது அவர் பேச்சன்று என்று மருத்துவரிடம் சொன்னோம். உடனே ஸ்கேன் எடுத்தனர். கசிவில்லை, சிறு அடைப்பே. பிற்பகலில் ழகரம் திரும்பிவிட்டது. எனினும், அறிகுறி நீங்கிய பின்னரும் சில நாட்களுக்குள் பெருந்தாக்குதல் வரக்கூடுமென்று மருத்துவர் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

இரத்த அழுத்தம் மிகுந்திருந்ததன் காரணம் மறுநாள் தெரிந்தது. அவர் 10 நாளைக்கு மட்டுமே மாத்திரை கொண்டுவந்தவர். பண்டிகைவரை இருக்கும்படி வற்புறுத்தியவர்கள் நாங்கள். மாத்திரை தீர்ந்ததை, மகனுக்கு எதற்குச் செலவு என்று அவர் சொல்லவில்லை. என்ன இனிப்பு வேண்டுமென்று நாள்தோறும் கேட்ட நாங்கள் மாத்திரையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் முதலில் மாத்திரைக் கணக்கைக் கேட்கிறோம். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்கிறோம். அவர் சினந்துகொண்டு, வேண்டுமென்றே இருமுறை சொல்கிறார்.