மே மாதத்தில் ஒரு வெட்டு



வழமையாக வரிப்படிவம், வீட்டுக்கடன் என்று பேசும் நான் இன்று பூந்தோட்டம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதிலும் கொஞ்சம் கணக்கு உண்டு.

இங்கிலாந்துத் தோட்டக்காரர் மே மாதக் கடைசியில் செய்கிற ஒரு வேலைக்கு 'செல்சி வெட்டு' என்று பெயர். லண்டன் செல்சியில் அரச தோட்டக்கலைச் சங்கம் 1913ஆம் ஆண்டு தொடக்கிய மலர்க் கண்காட்சி வழமையாக அந்த நாட்களில்தான் வரும். அதனால் வந்த பெயர் இது. குளிர்காலத்தில் நிலத்தோடு பட்டுப்போய், வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி முளைக்கும் பூச்செடிகளை, மொட்டு வைக்க முன்னரே, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி குறைத்து வெட்டிவிடுவார்கள்.

என்னுடைய அம்மாவுக்கு வயது 81. சுவாமிப் படத்துக்கு வீட்டு வளவில் பிடுங்கிய பூத்தான் வைக்கவேண்டும் என்பார். ஆனால் எங்கள் வளவில் பூக்கள் எல்லாம் யூலையில் ஒன்றாக வந்து, ஒன்றாக முடிந்துவிடும். அப்பாவின் திவசம் ஆவணிக் கடைசியில். அன்றைக்குக் கடைப் பூதான். வெட்டிப் பார்ப்போம் என்று நான் கத்தரியை எடுக்க, அம்மா மறித்தார்.

"மொட்டு வைக்கப்போற செடியை ஆரும் வெட்டுவினமோ, தம்பி?"

"ஊரிலை அப்பு புகையிலைக்கு நுனி முறிக்கிறவர் எல்லோ?" என்று கேட்டேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஓம். முறிச்சால் இலைக் கக்கத்திலை குருத்து வெடிக்கும். அதையும் திரும்பத் திரும்ப முறிக்கவேணும்" என்றார்.

விஷயம் அதுதான் நேயர்களே. நுனிக் குருத்தில் சுரக்கும் ஒக்சின் என்ற ஓமோன் பக்க அரும்புகளை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் பக்க அரும்புகள் எழும்பும். புகையிலைக்காரருக்கு வேண்டியது இலை. அதனால் பக்கக் குருத்தை முறித்தார்கள். எங்களுக்கு வேண்டியது பூ, அதனால் விட்டுவிடுகிறோம். பூ சற்றுச் சிறிதாகும், ஆனால் எண்ணிக்கை கூடும். சில கிழமைகள் பிந்திப் பூக்கும். செடி குட்டையாகத் தடித்து நிற்பதால் காற்று மழைக்குச் சாயாது. குனிந்து தடி ஊன்றிக் கட்டுகிற வேலையும் வயதானவர்களுக்குக் குறையும்.

செடம், பிளொக்ஸ், ஹெலீனியம், எக்கினேசியா, உயரமாக வளரும் அஸ்ரர் ஆகியவை இந்த வெட்டுக்கு ஏற்றவை. பியோனி, ஐரிஸ், லூபின், டெல்பினியம் ஆகியவற்றில் கை வைக்கவேண்டாம். அவற்றை வெட்டினால் அந்த வருடப் பூவே போய்விடும்.

எல்லாவற்றையும் வெட்டவும் வேண்டாம். வங்கியில் போடுகிற நிலையான வைப்புக்கள் எல்லாம் ஒரே நாளில் முதிர்வடைய விடமாட்டோம் அல்லவா? ஒரு பற்றையில் முன்பாதியை மட்டும் வெட்டுங்கள். பின்பாதி வழமைபோல் பூக்க, அது ஓயும்போது முன்பாதி தொடங்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். போன வருடத் திவசத்தன்று ஹெலீனியம் பூவை அம்மாவே பிடுங்கி வந்து அப்பாவின் படத்துக்கு வைத்தார்.

கத்தரி கூராகவும் துப்பரவாகவும் இருக்கட்டும். இலைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டிய பின் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நிலம் காய்ந்து செடி வாடியிருந்தால் அந்த வருடம் வெட்டாமல் விடுவது நல்லது. ஸ்கொட்லாந்து போன்ற குளிர் கூடிய இடங்களில் கோடை குறுகியது. அங்கே பாதி வெட்டாமல் நுனியை மட்டும் கிள்ளினால் போதும். வெட்டிய செடம் நுனிகளை எறியாதீர்கள். மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர்விடும். அயல்வீட்டுக்கும் ஒரு செடி கொடுக்கலாம்.

இந்தச் சனி, ஞாயிறில் வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வளவுக்குள் இறங்குங்கள். எந்தச் செடியை வெட்டலாம் என்று அவர்களிடமும் கேளுங்கள். மண்ணோடு வாழ்ந்தவர்கள், சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.