அந்தக் குரல் யாருடையது?

வீட்டில் யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அம்மாவின் குரல் காதில் தெளிவாக விழுகிறது. மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு அது கற்பனை மாதிரி இருக்காது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே இருக்கும். "பிரமை, விடு" என்று நாம் சொல்வது எடுபடாததும் அதனால்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் மருத்துவர்களோடு சேர்ந்து இப்படிப்பட்டவர்களிடம் பேசினார். சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மாட்டியோ, ஊருக்கு 20 பேர். அமெரிக்கர்கள் பலருக்கு வன்முறை பேசும் அந்நியக் குரல். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்! சமை, குளி என்று வேலை ஏவும், திட்டவும் செய்யும். பழகிய குரலைப் பொய்யென்று சந்தேகிப்பது லேசா?

அதனால் சிலர் நம்பிக்கையான ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்வார்கள். "அக்கா, வாசல்ல யாரோ கூப்பிட்டாங்களே, உங்களுக்குக் கேட்டுச்சா?" சிலர் கைப்பேசியில் பதிவுசெய்து போட்டுப் பார்ப்பார்கள். இன்னொருவரிடம் அப்படிக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்! சிரிக்காதீர்கள், அதட்டாதீர்கள். "எனக்குக் கேட்கலப்பா, ஆனா உனக்குக் கேட்குதுன்னு புரியுது" என்று சொல்லுங்கள்.

மலேசியாவில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் இருப்பவர்களே, கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் செய்வினை என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் சொன்னால் மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதம் தருவார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. மனம்விட்டுப் பேச சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் இருக்கிறது: 15555.